குறைந்த ஒலியிலும் நிறைந்த இசை: வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், பெரும்பாலானவை வரிசை வீடுகள். நம் வீட்டின் இடப்பக்கச் சுவர்தான் பக்கத்து வீட்டின் வலப்பக்கச் சுவர். அந்த வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்து வந்து காலை எட்டு மணிக்குப் படுப்பார்; நமக்கோ ஓய்வு நாளில் அந்த நேரத்தில்தான் ஆசுவாசமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தோன்றும். இரவு பத்து மணிக்கு மேல் நிலைமை தலைகீழாகும்: அவர் வேலைக்குக் கிளம்புவார், நம் வீட்டில் குழந்தை தூங்கும். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர் இருமினால் இந்தப்பக்கம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்ற அளவில்தான் அங்கே சுவர்கள் இருந்தன.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் பொருத்திக் கொடுப்பதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "ஒலியைக் கூட்டாமலேயே பாட்டு நிறைவாகக் கேட்க வேண்டும், அதற்கு எதை வாங்குவது?" என்ற ஒன்றைத்தான். அதையொட்டி எழுந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

ஒலியைக் குறைத்தவுடன் பாட்டு ஏன் மெலிந்துவிடுகிறது? என் ஸ்பீக்கரில் ஏதேனும் பழுதா?

ஸ்பீக்கரில் பழுதில்லை. அது நம் காதின் இயல்பு. பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளிடம் மனிதக் காது மாற்றாந்தாய் மனப்பான்மையோடுதான் நடந்துகொள்கிறது. ஒலி குறையக் குறைய அந்த மனப்பான்மை கூடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். பின்னர் வந்தவர்கள் அந்த அளவுகளைத் திருத்தினார்கள். இன்று ஐஎஸ்ஓ 226 என்ற பன்னாட்டுத் தரநிலையாக அவை நடைமுறையில் இருக்கின்றன.

எண்களாகச் சொன்னால் விஷயம் விளங்கும். ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு (எண் சிறிதானால் ஒலி தாழும்), டெசிபெல் என்பது ஒலியின் வலிமை அளவு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 80 டெசிபெல்லில் ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். அதே உரப்பில் 50 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதில் விழ வேண்டுமானால் அதற்கு ஏறத்தாழ 102 டெசிபெல் தேவை. இப்போது 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபெல்லுக்கு இறக்கினால், அதற்கு ஈடாகக் கேட்க 50 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 78 டெசிபெல் வேண்டும். ஆனால் வால்யூம் குமிழுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அது இரண்டையும் சரிசமமாக 40 டெசிபெல் குறைத்துவிடும். 102-இல் இருந்த பேஸ் 62-க்கு வந்து நிற்கும். 78 வேண்டிய இடத்தில் 62 இருந்தால் 16 டெசிபெல் பற்றாக்குறை. இன்னும் குறைத்தால் அந்த ஒலி காதில் விழுவதே நின்றுவிடும், ஏனென்றால் முழு அமைதியிலும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை உணர ஏறத்தாழ 44 டெசிபெல் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று டெசிபெல்லே போதும்.

கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு ஒலியைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் கடைசிவரை தெளிவாகக் கேட்கும்; இடப்பக்கமான தொப்பியின் கும்கி எனும் ஆழ்ந்த ஒலி மட்டும் முதலிலேயே மறைந்துவிடும். வாசிப்பவர் இடக்கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பது போலிருக்கும்.

காதின் குறைதான் என்றால், எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. சில ஸ்பீக்கர்கள் குறைந்த ஒலியில் ஒப்பீட்டளவில் நிறைவாகவே ஒலிக்கின்றன. கடைக்காரர்கள் இதை "இந்த மாடல் சின்ன வால்யூமிலேயே விழித்துக்கொள்ளும்" என்று சொல்வதுண்டு. அதில் மாயம் ஒன்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ள எந்த வூஃபரும் (பேஸைத் தரும் பெரிய கூம்பு) சின்ன மின்னோட்டத்துக்குச் சின்னதாக, பெரிய மின்னோட்டத்துக்குப் பெரியதாக, ஏறக்குறைய அதே விகிதத்தில் அசைகிறது. அது தூங்குவதும் இல்லை, விழிப்பதும் இல்லை. வேறுபாடு ஸ்பீக்கரின் ஒலிச்சமநிலையில் இருக்கிறது. குறிப்பாக 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றே தாராளமாகக் கொடுக்கும் ஸ்பீக்கர் குறைந்த ஒலியில் தப்பித்துக்கொள்கிறது. அதையே உரக்க வைத்தால் கொஞ்சம் கொழகொழவென்று கேட்கலாம். நம் தேவை குறைந்த ஒலி என்பதால் அந்தப் பேரம் நமக்கு லாபம்.

அந்தப் பகுதி ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அத்துடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடிப்படையான 41 காதில் விழாவிட்டாலும், மடங்குகள் தெளிவாகக் கேட்டால் மூளை அடிப்படைச் சுருதியைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. கையடக்க வானொலியிலும் நாம் பேஸ் கிட்டாரின் மெட்டைத் தொடர முடிவது இதனால்தான். ஆகவே 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரைத் தேடி அலைவதைவிட, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்துள்ள ஸ்பீக்கரைத் தேடுவது பலன் தரும்.

இதற்கு ஒரு பழைய சான்று பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் இடுக்கான அறைக்காகச் செய்யப்பட்ட அந்தப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வராது. ஆனால் மேல்பேஸ் பகுதியில், அதாவது பேஸின் மேல்பாதியில், ஒரு மெல்லிய மேடு இருக்கிறது. கேட்பவர்கள் பெட்டியின் அளவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நிறைவு எங்கிருந்து வருகிறது என்று வியப்பார்கள்.

பெட்டியின் அளவு எவ்வளவு முக்கியம்?

இடம் இருந்தால் பெரிய பெட்டியே நல்லது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் (குறைந்த மின்திறனிலேயே அதிக ஒலி) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே ஸ்பீக்கரில் பெற முடியும். இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்து இந்த ஹாஃப்மனுடையதுதான். ஆறரை அங்குல வூஃபரோ எட்டு அங்குல வூஃபரோ உள்ள பெட்டி, நான்கு அங்குல வூஃபர் உள்ள பெட்டியைவிடப் பொதுவாக மேல்பேஸைச் சிரமமின்றிக் கொடுக்கும். வரவேற்பறையில் சாமி மேடையும் தொலைக்காட்சி அலமாரியும் போக மிச்சமுள்ள இடத்தை அளந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

ஸ்பீக்கரை இயக்கும் ஆம்பில் உள்ள லவுட்னஸ் பொத்தானைப் பயன்படுத்தலாமா? அது ஒலியைக் கெடுக்கும் என்கிறார்களே?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்தப் பொத்தான் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தச் சிக்கலுக்காகத்தான். குறைந்த ஒலியில் காது இழப்பதை ஆம்ப் ஈடு செய்கிறது. அதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், பலர் அதை எப்போதும் அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு வாசல்வரை கேட்கும்படி வால்யூமைக் கூட்டியபோதும் விடாமல் இருந்ததுதான்.

பழைய செட்டுகளில் இருப்பது ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலைப் பொத்தான். அதைவிடச் சிறந்தது அளவை நாமே மாற்றக்கூடிய குமிழ். யமஹாவின் ஏ-எஸ்301, ஏ-எஸ்501 போன்ற ஆம்புகளில் அது இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையைப் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலில் லவுட்னஸ் குமிழைச் சமநிலையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கக்கூடிய மிக அதிக ஒலிக்கு வால்யூமை ஏற்ற வேண்டும். அதன்பின் வால்யூமைத் தொடாமல், லவுட்னஸ் குமிழைத் திருப்பியே ஒலியைக் குறைக்க வேண்டும். குமிழ் திரும்பத் திரும்ப நடு அதிர்வெண்கள் இறங்கும். பேஸ் அந்த அளவுக்கு இறங்காது. முதல் படியை மட்டும் பக்கத்து வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒருமுறை செய்து, வால்யூம் குமிழ் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆம்புகளில், குமிழ்களைத் தாண்டி ஒலியை நேராக அனுப்பும் பியூர் டைரக்ட் பொத்தான் எரிந்தால் லவுட்னஸ் வேலை செய்யாது. ஒரு நண்பர் ஆறு மாதமாக அந்த விளக்கு அழகாக இருக்கிறதென்று எரியவிட்டுக்கொண்டு, லவுட்னஸ் குமிழ் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

டெனோன், மராண்ட்ஸ் ரிசீவர்கள் (தொலைக்காட்சியையும் இணைக்கும் ஆம்புகள்) பலவற்றில் ஆடிஸி டைனமிக் ஈக்யூ என்ற வசதி இதே வேலையைத் தானாகச் செய்கிறது. மைக்கை வைத்து அறையை ஒருமுறை அளந்த பிறகுதான் அதை இயக்க முடியும். இசை கேட்கும்போது பேஸ் மிகையாகத் தோன்றினால் அந்த ஈட்டைக் குறைக்கும் ஆஃப்செட் அளவை 10 அல்லது 15-க்கு மாற்றிப் பாருங்கள்.

என் ஆம்பில் லவுட்னஸ் இல்லை. வேறு வழி உண்டா?

பேஸ் குமிழைக் கூட்டுங்கள். அவ்வளவுதான். நான்கிலிருந்து ஆறு டெசிபெல் வரை கூட்டலாம். உயர்ந்த ஒலிகளுக்கான டிரெபிளை ஒன்றிரண்டுக்கு மேல் கூட்ட வேண்டியதில்லை. காதின் வரைபடங்கள் மேல்பகுதியில் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன என்பதால் ஒலியைக் குறைத்தாலும் அங்கே பெரிய இழப்பு இல்லை. ஒலிப்பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் இரண்டு முனைகளையும் சிரித்த வாய்போல ஏற்றி வைக்கும் வழக்கம் பாதிதான் சரி. குமிழே இல்லாத ஆம்ப் என்றால், பாட்டு ஓடும் கைபேசிச் செயலியின் ஈக்வலைசரில் இதைச் செய்துகொள்ளலாம்.

எத்தனை வாட் ஆம்ப் வாங்குவது?

குறைந்த ஒலிக்கு வாட் ஒரு பொருட்டே அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்று. நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து 60 டெசிபெல்லில் கேட்கிறீர்கள். தூரத்தால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 8 டெசிபெல் என்பதால் ஒரு மீட்டரில் 68 வேண்டும். அதற்குத் தேவையான மின்திறன் ஒரு வாட்டில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. தவில் திடீரென்று 20 டெசிபெல் எகிறும் கணத்தில்கூட ஒன்றரை வாட் சொச்சம்தான் செலவாகும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்டு இரவுச் சந்தையில் விற்கும் செட்டுகளுக்கு மயங்க வேண்டாம்.

ஆம்பில் கவனிக்க வேண்டியவை வேறு. சில ஆம்புகளில் வால்யூம் குமிழ் தொடக்க இடத்தில் இருக்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக ஒலிக்காது. பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று பாடுவது போலக் கேட்கும். நாம் குமிழை எப்போதும் அந்தத் தொடக்க இடத்தில்தான் வைத்திருக்கப்போகிறோம் என்பதால் இது நமக்குப் பெரிய குறை. கடையில் பாடகர் நடுவில் நிற்கும் ஒரு பாட்டைப் போட்டு, குமிழைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றிச் சோதியுங்கள். அடுத்தது இரைச்சல். பாட்டு ஓடாதபோது, உயர்ந்த ஒலிகளைத் தரும் டுவீட்டரிலிருந்து வரும் "ஸ்ஸ்" சத்தம் நீங்கள் உட்காரும் இடம்வரை கேட்டால் அந்த ஆம்ப் வேண்டாம்.

உணர்திறன் அதிகமுள்ள ஹார்ன் (கூம்பு வாய்) ஸ்பீக்கர்கள் குறைந்த ஒலிக்கு ஏற்றவை என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. உணர்திறன் அதிகம் என்றால் அதே ஒலிக்குக் குறைந்த மின்திறன் போதும் என்பதுதான் பொருள். காதுக்கு வந்து சேர்ந்த 60 டெசிபெல், எந்த வழியில் வந்தாலும் 60 டெசிபெல்தான். ஆனால் அத்தகைய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பெரிய பெட்டியும் பெரிய வூஃபரும் கொண்டவை. மக்கள் பாராட்டுவது அந்தப் பெட்டியின் தாராளத்தை. அதே வேளையில், ஆம்பின் இரைச்சலையும் அவை உரக்கவே காட்டிக்கொடுக்கும்.

ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டும்?

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. புதிய ஸ்பீக்கர் தரும் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றத்தை இருக்கும் ஸ்பீக்கரை நகர்த்தியே பெற்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், ஏனென்றால் பின்பக்கம் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்பக்க ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. ஒலிப் பிரியர்களுக்கான அறிவுரைகள் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லும். உரக்கக் கேட்பவர்களுக்கு அது பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. அத்துடன், ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், திரும்பி வரும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலியை எதிர்த்து அழிக்கத் தொடங்கும். நாம் காப்பாற்ற நினைக்கும் பகுதியே அதுதான். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் தொடங்குங்கள். கும்மென்று இரைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுங்கள். மூலைகளைத் தவிர்ப்பது நல்லது, ஆனால் மிகச் சிறிய பெட்டிக்கு மூலையே கைகொடுப்பதும் உண்டு.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். வரிசை வீட்டில் பொதுச்சுவர்கள் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன; முன்சுவரும் உள்ளறைத் தடுப்புச்சுவரும் நமக்கே உரியவை. ஸ்பீக்கரை அவற்றில் ஒன்றை ஒட்டி வையுங்கள். பொதுச்சுவரில் துளையிட்டுப் பலகை அடித்து அதன்மேல் ஸ்பீக்கரை ஏற்றினால், அந்தச் சுவரே பக்கத்து வீட்டுக்கு ஸ்பீக்கராகிவிடும்.

மூன்றாவது, தூரம். இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டரை மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி உங்களுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுகிறது; சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு ஒன்றுமே கூடுவதில்லை.

எங்கள் தாமானில் ஒரு மாமா, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், புது ஸ்பீக்கர் வாங்க என்னை அழைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். நல்ல பெட்டிகள்தான். ஒன்று தொலைக்காட்சி அலமாரிக்குள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடைபட்டிருந்தது. மற்றது அலமாரியின் உச்சியில், கூரையைப் பார்த்தபடி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு இருந்தது. இரண்டையும் எடுத்து, சாப்பாட்டு நாற்காலிகள் இரண்டைத் தடுப்புச்சுவரை ஒட்டிப் போட்டு, அவற்றின்மேல் காது உயரத்துக்கு வைத்தோம். அவருடைய பிரம்பு நாற்காலியை எதிரே ஒன்றரை மீட்டருக்கு இழுத்தேன். பேஸ் குமிழை இரண்டு கோடு ஏற்றிவிட்டு, வால்யூமை வழக்கத்தைவிடக் குறைவாகவே வைத்தேன். நாகஸ்வரப் பதிவு ஒன்று ஓடியது. அரை நிமிடம் பேசாமல் இருந்தவர், "இந்தப் பாட்டுல தவிலு இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பதிவை அவர் இருபது வருடமாகக் கேட்டுவருகிறார். ஸ்பீக்கர் வாங்க வைத்திருந்த பணத்தில் பிறகு இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் தரைக்கு ஒரு கம்பளமும் வாங்கிக்கொண்டார்.

காற்றாடிச் சத்தமும் மழையும் இருக்கும்போது என்ன செய்வது?

குறைந்த ஒலியில் கேட்பவருக்கு முதல் எதிரி அறையின் இரைச்சல். மேலே ஓடும் காற்றாடி மெல்லிய ஒலிகளை மூடி மறைத்துவிடும், அதன் "தடதட" இரைச்சலில் பேஸும் கலந்திருக்கும் என்பதால் இழப்பு இரட்டிப்பாகும். ஐந்தாம் எண்ணில் ஓடுவதை இரண்டாம் எண்ணுக்குக் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் காணும் திருகுகளை முடுக்குங்கள். மேசைக் காற்றாடியைக் காதுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைக்கலாம். செலவே இல்லாமல் ஸ்பீக்கரை மேம்படுத்தும் வழி இது.

தகரக் கூரையில் மாலை மழை அடிக்கும்போது எந்த ஸ்பீக்கராலும் பயனில்லை. மழையைக் கேளுங்கள்.

பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் சேர்த்தால் நிறைவு வருமா?

வரும், அதே சமயம் சண்டையும் வரலாம். முதலில் நன்மை. நல்ல சப்வூஃபரில் பேஸின் அளவைத் தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறது. இரவில் இரண்டு கோடு ஏற்றி, பகலில் இறக்கினால் அதுவே கையால் இயக்கும் லவுட்னஸ் ஆகிவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் அதற்குப் பிரித்துக்கொடுத்தால் ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது என்பதால், இடமுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குறைந்த ஒலிக்கு எட்டு அங்குலமே தாராளம்.

சிக்கல் சுவரில். ஒற்றைச் செங்கல் சுவர் பேச்சொலியை ஓரளவு தடுக்கும். அதிர்வெண் தாழத் தாழ அதன் தடுப்பாற்றல் குறைந்துகொண்டே போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். அதற்கு நம் சுவர் ஒரு திரைச்சீலை மாதிரி. ஆனால் இங்கே காதின் இயல்பு நமக்கு உதவுகிறது. சுவரைத் தாண்டும்போது குறைந்த அந்த ஒலி, பக்கத்து வீட்டில் கேட்கும் வரம்புக்குக் கீழே போய்விட்டால் அவருக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே சப்வூஃபரை வாங்கியவுடன், வால்யூமை உங்கள் இரவு அளவில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டில் பலகாரத்தோடு போய் அவர்கள் படுக்கையறையில் என்ன கேட்கிறதென்று நேரில் கேட்டு வாருங்கள். சப்வூஃபரின் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் மெத்தை போடுவது பலகைத் தரைக்கு நன்றாக உதவும். சிமெண்டுத் தரையில் பெரிய வேறுபாடு இராது.

உறுமி மேளப் பதிவுகளை விரும்பிக் கேட்பவர்கள் சப்வூஃபர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தக் கருவியின் இழுவை ஒலி தாழ்ந்த சுருதியில் நீண்டு நிற்பது. அடுத்த வீட்டில் அது இசையாகப் போய்ச் சேராது.

புளூடூத் ஸ்பீக்கரும் சவுண்ட்பாரும் போதாதா?

பலருக்குப் போதும் என்பதே என் கருத்து. இதைச் சொன்னால் பழைய ஒலிப் பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். நல்ல புளூடூத் ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் கணிப்பொறிச் சில்லு, ஒலி குறைவாக இருக்கும்போது பேஸை ஏற்றிக் கொடுக்கவும், ஒலி கூடும்போது வூஃபர் கிழியாமல் இருக்க அதை இறக்கவும் நிரல் எழுதப்பட்டது. சோனோஸ் செயலியில் லவுட்னஸ் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஆகவே குறைந்த ஒலியில் அவை தம் அளவுக்கு மீறி நிறைவாக ஒலிப்பதில் வியப்பில்லை. குறை என்னவென்றால், பாட்டு ஒரே புள்ளியிலிருந்து வரும். பாடகர், வயலின், மிருதங்கம் ஆகியோரைத் தனித்தனி இடங்களில் உட்கார வைக்க அதனால் இயலாது.

வயதான அம்மா தொலைக்காட்சியை உரக்க வைக்கிறார். குறைத்தால் வசனம் புரியவில்லை என்கிறார். எந்த ஸ்பீக்கர் உதவும்?

இது பேஸ் சிக்கல் அல்ல. வயதாகும்போது முதலில் குறைவது மேல் அதிர்வெண்களைக் கேட்கும் திறன், மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. இங்கே பேஸை ஏற்றினால் வசனம் இன்னும் மூழ்கிவிடும். பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டி, ஒரு சிறு ஸ்பீக்கரை அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். தொலைக்காட்சியின் முதுகிலிருந்து சுவரைப் பார்த்து ஒலிக்கும் ஸ்பீக்கர்களை நம்பி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ நைட் மோட் இருந்தால் அதை இயக்குங்கள்; வெடிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது சுருக்கிவிடும். அதற்கும் சரிவராவிட்டால் காது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது?

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு கடையில், ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கேட்டு மயங்கி வாங்கிவந்தேன். வீட்டில் இரவு பத்தரைக்குப் போட்டபோது பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. கடையில் அவர்கள் போட்டுக்காட்டிய ஒலியில் நாங்கள் இருவரும் கத்தித்தான் பேசிக்கொண்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஸ்பீக்கரை உரக்கக் கேட்பதற்கென்றே சமன்செய்திருந்தார்கள். குறை அதனிடம் இல்லை, என் சோதனையில்தான்.

இப்போது நான் செய்வது இது. முதலில் வீட்டில், வழக்கமான இரவு ஒலியில் பாட்டை ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து கைபேசியின் ஒலியளவுச் செயலியில் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். அந்த எண் துல்லியமானதல்ல, ஒப்பிடுவதற்குப் போதும். கடைக்குப் போனதும் குளிர்சாதனத்தையும் மற்ற செட்டுகளையும் சில நிமிடம் நிறுத்தச் சொல்லி, அதே கைபேசியில் அதே எண் வரும்படி வால்யூமை வைக்கச் சொல்கிறேன். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது இரண்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சற்றே உரக்க ஒலிப்பதுதான் சிறந்தது என்று காது எப்போதும் தீர்ப்பளித்துவிடும். வார நாளில், மதிய வேளையில் போனால் கடைக்காரரும் பொறுமையாக இருப்பார்.

ஆணின் குரல், தொப்பி நன்றாகப் பதிவான மிருதங்கம், தம்புரா ஆகிய மூன்றும் உள்ள ஒரு பதிவைக் கொண்டுபோங்கள். குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா, தொண்டையிலிருந்து மட்டும் வருகிறதா என்று கேளுங்கள். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பதால், நாம் தேடும் பகுதியை அது நேரடியாகச் சோதித்துவிடும்.

கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கருக்கு 900, பேஸ் குமிழோ லவுட்னஸோ உள்ள ஆம்புக்கு 500, ஸ்டாண்டுக்கும் கம்பிக்கும் மீதி. கம்பிக்குச் சாதாரணச் செம்புக் கம்பி போதும். கம்பியால் பேஸ் கூடுகிறது என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

பழைய திரைப்பாடல்கள்தான் கேட்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஆழமான பேஸைத் தேடாதீர்கள். 1950களிலும் 60களிலும் வந்த பாடல்களில் பெரும்பாலானவை மோனோ பதிவுகள். அவற்றில் மிகத் தாழ்ந்த பகுதியில் இசை அதிகம் இல்லை. அங்கே ஏற்றினால் பதிவின் உறுமலும் மின்சார முனகலும்தான் பெரிதாகும். ஈக்வலைசர் இருந்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மட்டும் மூன்று டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். தபேலாவின் இடக்கை வந்துவிடும்.

பழைய ஜப்பானியச் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை முதலில் பாருங்கள். அது ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் நல்லது. பஞ்சுபோன்ற ஃபோம் என்றால், நம் ஊர் ஈரப்பதத்தில் அது பிசுபிசுத்து உதிரத் தொடங்கியிருக்கும். விரலால் மெல்லத் தொட்டால் கரிபோல ஒட்டும். வளையத்தை மட்டும் மாற்றித்தரக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஆம்பின் முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கானது. நம் வீட்டுப் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் தேவை.

அந்தக் காலச் செட்டுகள் பலவற்றில் லவுட்னஸ் பொத்தான் இருப்பது நமக்கு ஆதாயம். பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுவித்துப் பாருங்கள். கரகரத்தால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

பூச்சி, பல்லி, இடி ஆகியவற்றிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

ஸ்பீக்கரின் முதுகிலோ முகத்திலோ உள்ள வட்டத் துளை கரப்பான் பூச்சிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. மெல்லிய கொசுவலைத் துணியை அதன் வாயில் ஒட்டினால் போதும், ஒலி மாறாது. சுவரை ஒட்டி வைத்தபின் கும்மென்ற இரைச்சல் தாங்கவில்லையென்றால், ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டித் துளையில் செருகுங்கள். பேஸ் இறங்கும், பூச்சியும் நுழையாது.

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களின் காற்றுத்துளை வழியாகப் பல்லி நுழைந்து, மின்பலகையில் படுத்துத் தானும் கருகி, பலகையையும் கருக்குவது இங்கே அடிக்கடி நடப்பது. இரவில் சுவிட்சை முழுதாக அணைப்பது பாதி காப்பு, ஏனென்றால் பல்லியை இழுப்பது உள்ளே இருக்கும் வெதுவெதுப்பு. இடி இறங்கும் மாலைகளில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், வானலைக் கம்பியும் இணையக் கம்பியும் செட்டோடு இணைந்திருந்தால் அவற்றையும்.